ஈயம் போனது, புகை போகவில்லை

மின்னணு ஆலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நமது தோழர்கள் கூலி, கான்ட்ராக்ட், சங்கம் என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவருக்குள் என்ன வேலை நடக்கிறது, எதை எதோடு ஒட்டுகிறார்கள், ஒட்டும்போது என்ன புகைகிறது என்று யாரும் கேட்பதில்லை. 'அதெல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம்' என்று விட்டுவிடுகிறோம். படித்தவன் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிக்கொண்ட இடங்களில்தான் நமக்கு எதிரான தீர்ப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. இதிலும் அதுவே நடக்கிறது.

நான் தாம்பரத்துக்காரி. ஒன்பது வருஷம் சர்க்யூட் போர்டு தயாரிக்கிற கம்பெனிகளில் வேலை செய்தவள். முதல் ஐந்து வருஷம் லைனில் உட்கார்ந்து சால்டரிங். அப்புறம் நான்கு வருஷம் அதே மாதிரி போர்டுகளைச் சோதித்துப் பார்க்கிற கூடத்தில் ஆபரேட்டர். கம்பெனிகளின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் 'அந்த ஒரு கம்பெனி மோசம்' என்று பிரச்சினை சுருங்கிவிடும். நான் பேச வந்தது ஒரு முறையைப் பற்றி.

முதலில் சொல்லில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பேச்சில் 'ஈயம்' என்பது இரண்டு உலோகங்களுக்கும் பொது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குத் தெருத்தெருவாக வந்து ஈயம் பூசிக் கொடுத்தார்களே, அதுவும் வெள்ளீயம். காரீயம் நஞ்சு. ரத்தத்தைக் குறைக்கும், வயிற்றை முறுக்கும், நரம்பைத் தளர்த்தும். கர்ப்பமாக இருக்கிற பெண்ணின் ரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும், பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவுக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல காரீயத்துக்கு ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

போர்டில் சில்லுகளைப் பத்தவைக்கிற சால்டர் நெடுங்காலமாக இந்த இரண்டின் கலவை: 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரியில் உருகும், வழவழவென்று ஓடும், மின்னும். வேலை செய்கிறவளுக்கும் சுலபம், முதலாளிக்கும் மலிவு. பழைய டி.வி.யும் கம்ப்யூட்டரும் குப்பைமேட்டுக்குப் போய்க் காரீயம் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கிறது என்ற கவலை ஐரோப்பாவில் எழுந்தது. 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. 2006 ஜூலை 1 முதல் அங்கே விற்கும் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில், எந்த ஒரு பாகத்தை எடுத்தாலும் அதன் எடையில் காரீயம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இந்தியாவில் மின்கழிவு விதிகள் 2011-ல் எழுதப்பட்டு 2012 மே 1-ல் நடைமுறைக்கு வந்தன. காரீயத்துக்கு இதே 0.1 சதவீத வரம்பு 2014 மே முதல்.

கவனியுங்கள் தோழர்களே. இந்தச் சட்டம் பொருளைப் பற்றியது. அது குப்பையான பின் மண்ணுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றியது. அதைச் செய்கிறவளின் உடம்பு இந்தச் சட்டத்தின் கணக்கில் மையமாக இல்லை. 1984-ல் தொடங்கி 2003-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமான நம் தாம்பரம் மெப்ஸ் போன்ற இடங்களுக்கு 'காரீயமில்லா' வேலை வந்தது, வாங்குகிறவன் கேட்டதால்தான். உட்கார்ந்து பத்தவைக்கிறவள் கேட்டு வரவில்லை.

சரி, காரீயத்தை எடுத்தாயிற்று. அதற்குப் பதில் வந்த கலவைகளில் பரவலானது: 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு. இது 217-லிருந்து 220 டிகிரியில் உருகும். பழையதைவிட முப்பத்தைந்து டிகிரி போல அதிகச் சூடு. கொஞ்சம் விறைப்பானது. கீழே விழுந்தால் தாங்குமா என்ற சந்தேகம் வந்தது. இன்னொன்று, காரீயம் கலக்காத வெள்ளீயப் பூச்சிலிருந்து காலப்போக்கில் மயிரிழைபோல் உலோக 'மீசை' முளைக்கும். பக்கத்துக் கம்பியைத் தொட்டால் ஷார்ட். 1998 மே மாதம் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவின் பேஜர்களில் பெரும்பகுதி ஊமையாகிப்போனதே, அதற்கு இந்த மீசைதான் காரணம் என்று சொன்னார்கள்.

ஆகவே சோதனை. 'ரிலையபிலிட்டி டெஸ்ட்', நம்பகத்தன்மைச் சோதனை. நான்கு வருஷம் நான் செய்த வேலை இதுதான். ஒரு பெட்டிக்குள் போர்டுகளை அடுக்குவோம். பெட்டி மைனஸ் 40 டிகிரிக்குக் குளிரும், பிறகு 125 டிகிரிக்குச் சூடாகும், திரும்பக் குளிரும். போர்டு ஓர் அளவு விரியும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சில்லு வேறோர் அளவு விரியும். நடுவில் அகப்பட்ட பற்று இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் விரிசல் விடும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஆயிரம் சுற்றுக்கு ராப்பகலாக நாற்பத்திரண்டு நாள். வேறொரு பெட்டியில் 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம். கையில் பிடிக்கிற பொருள்களுக்கு விழும் சோதனை வேறே: புவியீர்ப்பைப்போல் 1500 மடங்கு அதிர்ச்சி, அரை மில்லி செகண்டுக்கு. சோதனை நடக்கும்போதே ஒவ்வொரு இணைப்பின் மின்தடையையும் கருவி விடாமல் குறித்துக்கொண்டே இருக்கும். தடை 20 சதவீதம் கூடி, அடுத்தடுத்த அளவுகளிலும் அப்படியே நின்றால் அந்த இணைப்பு செத்துவிட்டதாகக் கணக்கு.

செத்த இணைப்பைச் சும்மா தூக்கிப் போடமாட்டார்கள். போஸ்ட்மார்ட்டம் உண்டு. சிவப்பு மையை இறக்கி, சில்லைப் பிடுங்கி, விரிசலுக்குள் மை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். குறுக்கே அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் படம் எடுப்பார்கள். எத்தனையாவது சுற்றில் செத்தது, எந்த மூலையில் தொடங்கியது, காரணம் என்ன, இனி வராமலிருக்க என்ன செய்யலாம் என்று அறிக்கை. நூற்றுக்கு 63.2 இணைப்புகள் எத்தனையாவது சுற்றில் செத்துப்போகின்றன என்று ஒரு கணக்கு போடுவார்கள். வெய்புல் என்ற சுவீடன்காரர் 1951-ல் பிரபலமாக்கிய கணக்கு அது. மிளகு அளவுகூட இல்லாத ஒரு சொட்டு உலோகத்துக்கு இவ்வளவு மரியாதை. நான் அதைக் கேலி செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு கொடுக்கிற மெஷினுக்குள்ளும் அந்தச் சொட்டுதான் இருக்கிறது. அது விட்டுப்போனால் ஓர் உயிர் போகும். சோதிக்கத்தான் வேண்டும்.

என் கேள்வி வேறு. அந்தச் சொட்டை வைத்த கைக்கு என்ன சோதனை?

சந்தேகத்தின் பலன் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். காரீயமில்லா இணைப்பு நெடுங்காலம் தாங்குமா என்று சந்தேகம் வந்தபோது ராணுவத் தளவாடம், விண்வெளிக் கருவி எல்லாம் அந்த ஐரோப்பியச் சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டன. மருத்துவக் கருவிகளுக்கு 2014 ஜூலை வரை அவகாசம். பெரிய சர்வர்களின் சால்டருக்கும் விலக்கு. இணைப்பின்மேல் சந்தேகம் வந்தால் 'பொறு, உறுதியாகும்வரை மாற்றாதே' என்பது விதி. உழைக்கிறவளின் நெஞ்சின்மேல் சந்தேகம் வந்தாலோ 'நிரூபி, அதுவரை வேலையைப் பார்' என்பது விதி. இதைத்தான் 'அறிவியல் அணுகுமுறை' என்கிறார்கள்!

நெஞ்சுக்கு எங்கிருந்து ஆபத்து? காரீயம்தான் போய்விட்டதே என்பார்கள். இங்கேதான் நாம் தெளிவாக இருக்க வேண்டும். சால்டர் பத்தவைக்கும்போது மேலே எழும்பும் புகை பெரும்பாலும் உலோகத்தின் புகை அல்ல. அந்தச் சூட்டில் காரீயம் அதிகம் ஆவியாவதில்லை. காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக: கம்பியைத் தொட்ட கையோடு டிபனைத் தொட்டால், சால்டர் தொட்டியின் மேல் மிதக்கும் கசடை வழித்த தூசியை முகர்ந்தால். கண்ணுக்குத் தெரிகிற அந்தப் புகை ஃப்ளக்ஸ் புகை. கம்பியின் நடுவில் பைன் மரத்துப் பிசினோ அதுபோன்ற ரசாயனமோ அடைத்திருக்கும். சூடு பட்டதும் சாம்பிராணி போட்ட மாதிரி எழும்பும். வாசனைகூட மோசமில்லை. ஆனால் அந்தப் பிசின் புகை ஆஸ்துமாவை உண்டாக்கும். பிரிட்டன் அதைத் தொழில்வழி ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக வைத்து, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஒருமுறை நெஞ்சு பழகிவிட்டால் பிறகு கொஞ்சம் புகைக்கே இழுப்பு வரும். காரீயத்தை எடுத்தபோது பிசினை எடுக்கவில்லை. சூட்டை ஏற்றினார்கள், பல இடங்களில் ஃப்ளக்ஸின் காரத்தையும் ஏற்றினார்கள். டப்பாமேல் மட்டும் பச்சை இலை படம் போட்டார்கள்.

நான் லைனில் இருந்த கம்பெனியில் எட்டு மேஜைக்கு ஒரு புகையுறிஞ்சி. அதன் பில்டரை வெளிநாட்டு ஆடிட்டர் வருகிற வாரம் மாற்றுவார்கள். இருமல் வந்தவர்கள் கேட்டால் சூப்பர்வைசர் சொல்வார்: "இன்னாம்மா, சாம்பிராணி வாசனை மாதிரிதான இருக்கு, இதுக்குப் போயி லீவு கேக்குறியே." என் பக்கத்து மேஜை அக்கா மதுராந்தகம் பக்கத்திலிருந்து வருகிறவர். ஞாயிற்றுக்கிழமையில் நன்றாக இருப்பார், திங்கள் சாயங்காலம் இழுக்க ஆரம்பிக்கும், வெள்ளிக்கிழமைக்குள் படி ஏற முடியாது. தீபாவளி லீவில் ஊருக்குப் போனால் சுத்தமாக நின்றுவிடும். இதுவே ஒரு சோதனை முடிவு இல்லையா? யாரும் குறித்து வைக்கவில்லை. 'ஒடம்புக்கு முடியல' என்று நின்றுவிட்டார். ரிஜிஸ்டரில் 'தானாக விலகினார்' என்று எழுதினார்கள். அதே மாதத்தில் சோதனைக்கூடத்தில் விரிசல் விட்ட மூன்று இணைப்புகளுக்கு நாற்பது பக்க அறிக்கை போனது.

எச்.ஆர். ஆட்களும் 'ரிலையபிள்' என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். 'அந்தப் பொண்ணு ரிலையபிள்' என்றால் லீவு போடாதவள், கேள்வி கேட்காதவள் என்று பொருள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைக்குத் தொப்பி, விரலுக்கு உறை, மணிக்கட்டில் தரைக்கம்பிப் பட்டை, மேலே கோட்டு என்று எல்லாம் போட்டுத்தான் லைனில் உட்காருவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் 'அடேயப்பா, எவ்வளவு பாதுகாப்பு' என்று நினைப்பார்கள். அத்தனையும் போர்டுக்கான பாதுகாப்பு. நம் வியர்வையும் முடியும் உடம்பின் மின்னேற்றமும் போர்டைக் கெடுத்துவிடாமலிருக்க. போர்டிலிருந்து நம்மைக் காப்பாற்ற அதில் ஒன்றுமில்லை. நம் கை பட்டால் பொருள் கெட்டுவிடும் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல.

இது தாம்பரத்தோடு நிற்கிற கதையும் அல்ல. கீழே விழுந்தாலும் உடையாத போன் என்று பேர் வாங்கிய நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2010-ல் ஓர் இளம்பெண் போர்டு ஏற்றும் இயந்திரத்தில் சிக்கிச் செத்தார். அதே வருஷம் ஜூலையில் அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காரணம் வாயுவா, பூச்சிமருந்தா என்று அன்று பலவிதமாகப் பேசப்பட்டது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப்போய் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். பெண்கள் ரோட்டுக்கு வந்த பிறகுதான் சமையலறையைச் சோதித்தார்கள்.

இரண்டு எதிர்வாதங்கள் வரும்.

ஒன்று: 'பழைய ஈய சால்டரே நல்லா இருந்துச்சு, வெள்ளைக்காரன் சட்டத்தால் வந்த வினை.' இதை நம் லைன் பெண்களேகூடச் சொல்வார்கள், பழையது சுலபமாக ஓடியது என்பதால். ஏற்கக்கூடாது. காரீயம் போனது நல்லது. இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதுதான் குறை. 2011 விதிகள் குறு, சிறு நிறுவனங்களை விட்டுவிட்டன. 2016-லும் 2022-லும் எழுதிய விதிகள் குறு நிறுவனங்களை விட்டுவிட்டன. பம்மலிலும் பல்லாவரத்திலும் மேடவாக்கத்திலும் வீட்டு மாடியில் ஸ்டெபிலைசருக்கும் எல்.இ.டி. பல்புக்கும் போர்டு கட்டுகிற பிள்ளைகள் கையில் இன்னமும் பழைய காரீயக் கம்பியை நான் பார்க்கிறேன். அங்கே புகையுறிஞ்சியும் இல்லை, கை கழுவக் குழாயும் இல்லை. காரீய நஞ்சு 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப்பட்டியலில் முதல் வரிசையில் இருந்தது. கண்டுபிடிக்கிற டாக்டர் அரசுக்கு எழுத வேண்டும் என்பது சட்டம். ரத்தத்தைச் சோதித்தால்தானே கண்டுபிடிக்க?

இரண்டு: 'இதையெல்லாம் கேட்டால் கம்பெனி ஓடிப்போகும்.' நோக்கியா 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் மூடியது. வரித் தகராறும் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியதில் இந்த ஆலை விடுபட்டதும் அதற்குப் பின்னால் இருந்தன. எந்தப் பெண்ணும் புகையுறிஞ்சி கேட்டதால் அது ஓடவில்லை. ஓடுகிறவன் எப்படியும் ஓடுவான். நம் நெஞ்சைக் கெடுத்துவிட்டு ஓடாமலாவது பார்த்துக்கொள்வோம்.

சரி, என்ன செய்யலாம்? அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். 1946-ல் ஆலை வேலை வாரத்துக்கு 48 மணி என்று சட்டம் திருத்தப்பட்டது அவர் காலத்தில்தான். உழைப்பு நேரத்தை அளந்து எண்ணாக்கிச் சட்டத்தில் ஏற்றியதே ஓர் அரசியல். அளவை அவர்கள் கையில் விட்டுவிட்டு நாம் உணர்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் பேச்சுவார்த்தை மேஜையில் நமக்கு வார்த்தை இருக்காது. இப்போது காற்றையும் மூச்சையும் அளக்க வேண்டும்.

அதற்குப் பெரிய பெட்டி வேண்டாம். 'பீக் ஃப்ளோ மீட்டர்' என்று ஒரு குழாய், சில நூறு ரூபாய்தான். முழு மூச்சில் ஊதினால் முள் நகரும். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது, மூன்று நான்கு வாரம், வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதிக் குறித்து வைக்க வேண்டும். அளவு ஒரே நாளுக்குள் 20 சதவீதத்துக்குமேல் ஏறி இறங்கினால், வேலை நாளில் மோசமாகி லீவில் சரியானால், தொழில்வழி ஆஸ்துமா என்று டாக்டர் சந்தேகிக்க அது போதுமான காரணம். உறுதி செய்வது டாக்டர் வேலை. குறித்து வைப்பது நம்மால் முடியும். இணைப்பு செத்ததாக எழுதவும் 20 சதவீதம், மூச்சு கெடுகிறது என்று சந்தேகிக்கவும் 20 சதவீதம். இரண்டும் தற்செயலாக ஒத்துப்போன எண்கள்தான். ஆனால் முன்னதைக் கருவி விடாமல் குறிக்கிறது, பின்னதைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை.

மெப்ஸுக்குப் பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கி, 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. ஏழைகளின் நுரையீரலைப் பார்த்துப் பழகிய இடம். வாரத்தில் ஒரு நாள் தொழில்வழி நெஞ்சு நோய்க்கென்று ஒதுக்கி, ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்தில் இந்தப் பெண்களைப் பார்க்கச் சொல்லி நாம் மனு கொடுக்க வேண்டும். 'என்ன வேலை செய்யறே?' என்று சீட்டிலேயே எழுதினால் பாதி நோய் வெளியே வந்துவிடும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் மின்னணுவியல் படிக்கிற நம் பிள்ளைகள் சால்டர் இணைப்பின் ஆயுளைப் பற்றிப் புராஜெக்ட் செய்கிறார்கள். திருவான்மியூரில் மத்திய அரசின் மின்னணுச் சோதனை மையமே இருக்கிறது. படியுங்கள், நல்லது. அதே அட்டவணையில் இன்னொரு பத்தியைச் சேருங்கள்: இந்த இணைப்பைச் செய்யும்போது மேஜை உயரத்தில் புகை எவ்வளவு? உறிஞ்சியை நான்கு அங்குலம் தள்ளி வைத்தால் எவ்வளவு? வழிகாட்டிப் பேராசிரியர் 'இது நம்ம சப்ஜெக்ட் இல்லையே' என்பார். ஆக்குங்கள்.

சங்கங்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் என் பட்டியல் இது. கையால் பத்தவைக்கிற ஒவ்வொரு மேஜைக்கும் முனையிலேயே புகையுறிஞ்சி. சால்டரிங் அயர்ன் சூட்டை அளப்பதுபோல உறிஞ்சும் வேகத்தையும் அளந்து எழுதி மாட்ட வேண்டும். ஃப்ளக்ஸில் என்ன இருக்கிறது என்ற தாள் தமிழில் வேண்டும். வேலைக்குச் சேரும்போதும் வருஷா வருஷமும் நுரையீரல் சோதனை, காரீயம் தொடுகிற இடத்தில் ரத்தச் சோதனை, இரண்டின் நகலும் அவள் கையில். கான்ட்ராக்ட் பெண்ணுக்கும் டிரெய்னிக்கும் சேர்த்து. சாப்பாட்டுக்கு முன் கை கழுவ சோப்பு, தண்ணீர், ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை டார்கெட்டில் கழிக்க வேண்டும். இதில் எதுவும் புரட்சி இல்லை. செய்து முடிக்கக்கூடியவை, அதனால்தான் கேட்கிறேன்.

அடுத்த முறை மெப்ஸ் வாசலில் நோட்டீஸ் கொடுக்கப் போகிற தோழர்கள் நாலு ஊதுகுழாயும் ஒரு குயர் நோட்டும் சேர்த்து எடுத்துப் போங்கள். 'லீவு நாள்ல எப்படிக்கா இருக்கு, வேலை நாள்ல எப்படிக்கா இருக்கு?' என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள்.